டிஎஸ்எஸ், டிவிஎஃப், ஏஎம்ஆர்: பழைய குரல்பதிவுகளைத் திறக்க எந்த வழி நல்லது?

மாமா தமிழாசிரியர். விடுமுறை வந்தால் ஊர் ஊராகப் போய் நடவுப் பாட்டும் ஒப்பாரியும் பதிவு செய்துகொண்டு வருவார். இப்போது எழுபது தாண்டிவிட்டது. போன பொங்கலுக்கு ஒரு பென்டிரைவைக் கையில் கொடுத்து, “மாப்ள, இதுல ஒண்ணுகூடத் திறக்க மாட்டேங்குது, பாருப்பா” என்றார். உள்ளே மூன்று வகைக் கோப்புகள்: ஒரு ரெக்கார்டரின் டிஎஸ்எஸ், இன்னொன்றின் டிவிஎஃப், பட்டன் போனில் எடுத்த ஏஎம்ஆர். இவற்றைத் திறக்க நான்கு வழிகள் உண்டு. நான்கையும் பார்த்துவிட்டேன்.

வழியைத் தேர்வதற்கு முன் கோப்பு என்ன வகை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பெயரின் வாலை, அதாவது புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகளை, யார் வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம். வாலை எம்பி3 என்று மாற்றினால் உள்ளே இருப்பது மாறிவிடாது. கோப்பின் நகல் ஒன்றை நோட்பேடில் திறந்து முதல் வரியைப் பாருங்கள். குப்பை எழுத்துகளுக்கு நடுவே டிஎஸ்எஸ் என்று தெரிந்தால் அது ஒலிம்பஸ், பிலிப்ஸ், கிரண்டிக் மூன்றும் சேர்ந்து பேச்சுப் பதிவுக்காக உருவாக்கிய வடிவம். எம்எஸ் வாய்ஸ் என்று தொடங்கினால் சோனி. ஏஎம்ஆர் கோப்பு தன் பெயரைத் தலையிலேயே எழுதி வைத்திருக்கும்.

முதல் வழி, எஃப்எஃப்எம்பெக். ஒலி, ஒளிக் கோப்புகளை வடிவம் மாற்றித் தர ஃபாப்ரிஸ் பெலார்ட் 2000இல் தொடங்கிய இலவச மென்பொருள். படம் போட்ட பொத்தான் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் உள்ளே போகும் கோப்பின் பெயரையும் வெளியே வரவேண்டிய கோப்பின் பெயரையும் தட்ட வேண்டும், அவ்வளவுதான். ஏஎம்ஆர் எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது. கேட்க மட்டும் போதும் என்றால் ஏஎம்ஆருக்கு இதுகூட வேண்டாம், விஎல்சி பிளேயரே ஓட்டிவிடும். டிஎஸ்எஸ்ஸும் நன்றாக மாறியது. ஒரு கோப்புறை முழுவதையும் ஒரே கட்டளையில் மாற்றலாம் என்பதால் நிறைய வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் டிஎஸ்எஸ்ஸின் தம்பியான டிஎஸ்2 வேறு கதை. வக்கீல்களும் மருத்துவர்களும் பயன்படுத்தும் அந்த வடிவத்தில் கடவுச்சொல் வைத்துப் பூட்டும் வசதி உண்டு. பூட்டியிருந்தால் கடவுச்சொல்லும் வேண்டும், நிறுவனத்தின் மென்பொருளும் வேண்டும். சோனியின் டிவிஎஃப்பைக் கொடுத்தபோது எஃப்எஃப்எம்பெக் கையை விரித்துவிட்டது.

அங்கேதான் இரண்டாவது வழி: ரெக்கார்டர் செய்த நிறுவனமே கொடுத்த மென்பொருள். சோனிக்கு டிஜிட்டல் வாய்ஸ் எடிட்டர். டிவிஎஃப்பைத் திறந்து, ஒலியைச் சுருக்காமல் வைக்கும் வேவ் கோப்பாகச் சேமிக்க அதில் வசதி இருக்கிறது. ஆனால் அது பழைய விண்டோஸ் காலத்து ஆள். பரணில் கிடந்த விண்டோஸ் 7 மடிக்கணினியைத் தூசி தட்டி எடுத்துத்தான் வேலையை முடித்தேன். இந்த வழியின் பெரிய பலவீனம் அதுதான்: மென்பொருள் நம் கையில் இல்லை. ஒலிம்பஸின் கேமரா, ரெக்கார்டர் தொழில் 2021இல் ஓஎம் டிஜிட்டல் சொல்யூஷன்ஸ் என்ற புது நிறுவனத்துக்குப் போனது. அப்படிக் கைமாறும்போது பழைய மென்பொருளைத் தேடி எடுப்பதே தனி வேலையாகிவிடும். உங்களிடம் பெட்டியோடு வந்த குறுந்தகடு இருந்தால் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள்.

மூன்றாவது, இணையத்தில் ஏற்றி மாற்றித் தரும் தளங்கள். சுலபம்தான். நான் ஏற்றிப் பார்த்த ஒரு தளம் பன்னிரண்டு நிமிடப் பதிவை இரண்டு நிமிடத்தில் வெட்டிக் கொடுத்து, மீதிக்குப் பணம் கேட்டது. பணம்கூடப் பெரிதில்லை. ஒப்பாரி வைக்கும் பெண் இறந்தவர் பெயரையும் வீட்டுச் சண்டையையும் சேர்த்தேதான் பாடுகிறார். அதை முகம் தெரியாத ஒரு சர்வருக்கு அனுப்ப நமக்கு என்ன உரிமை? பாட்டு, வழக்கு, வைத்தியம் என்று அடுத்தவர் குரல் இருக்கும் எந்தப் பதிவுக்கும் இந்த வழி வேண்டாம்.

நான்காவது வழியை யாரும் மதிப்பதில்லை. எனக்கு அதன்மேல்தான் மரியாதை. ரெக்கார்டரையே ஓடவிட்டு, அதன் இயர்போன் துளையிலிருந்து ஒயர் போட்டுக் கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவது. எந்த வடிவமானாலும் நடக்கும். மடிக்கணினியில் ஒரே துளை இருந்தால் சாதாரண ஒயரை அது மைக்காக ஏற்காமல் போகலாம். சிறிய யுஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரெக்கார்டரின் சத்தத்தை முக்கால் பங்கு வைத்து, பாட்டு உச்சத்துக்குப் போகும்போதும் ஆடாசிட்டியின் பட்டை சிவப்பைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் விடாமல் வந்தது. சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றது.

குறை, நேரம். ஒரு மணி நேரப் பதிவுக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஒரே டிஎஸ்எஸ் கோப்பை எஃப்எஃப்எம்பெக்கிலும் ஒயரிலும் எடுத்துக் கேட்டால், ஒயரில் வந்ததில் மெல்லிய சரசரப்பு தெரிகிறது. ஆகவே மற்ற வழிகள் அடைத்த பிறகுதான் இது.

எந்த வழியில் போனாலும் முதலில் வேவாக எடுங்கள். ஏஎம்ஆர் ஏற்கெனவே நிறையச் சுருக்கிய ஒலி. நல்ல தரத்தில் எடுத்ததே மணிக்கு ஆறு எம்பிக்குள் அடங்கிவிடும். வேவாக்கினால் 58 எம்பி ஆகும். அளவு பத்து மடங்கானாலும் தரம் துளிகூட ஏறாது. ஆனால் மறுபடி எம்பி3 ஆக்கினால் இருப்பதிலும் கொஞ்சம் போகும். ஏஎம்ஆரில் ஒலியை நொடிக்கு 8,000 முறை அளந்து மாதிரி எடுக்கிறார்கள், டிஎஸ்எஸ்ஸின் உயர்தரத்தில் அதைவிட அதிகம். அந்த வித்தியாசம் ‘ச’விலும் ‘ஷ’விலும் காதுக்குத் தெரியும்: போனில் எடுத்தவற்றில் சலங்கைச் சத்தம் மழுங்கியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்ப எம்பி3 வேண்டுமென்றால் வேவிலிருந்து தனியாக எடுத்துக்கொள்ளலாம். அசல் கோப்பை மட்டும் அழிக்காதீர்கள்.

மாமாவின் கோப்புகளில் ஒன்பது இன்னும் பாக்கி. பென்டிரைவில் பாதியில் அறுந்த கோப்புகள் அவை. எந்த மென்பொருளும் தொடவில்லை. ரெக்கார்டரின் நினைவகத்தில் முழுசாக இருக்கின்றன. புது பேட்டரி போட்டதும் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை ஒயரோடு ஊருக்குப் போகிறேன். கூடவே உட்கார்ந்து, யார் பாடியது, எந்த ஊர் என்று சொல்கிறேன் என்றிருக்கிறார்.