ஒயினை மறைத்து ருசிக்க: பட்டியல் சொல்லியா, சொல்லாமலா?

பழைய நண்பர்கள் ஆறு பேர், விருந்து மேஜை. பாட்டில்களுக்குச் செய்தித்தாள் சுற்றியாகிவிட்டது. உள்ளே என்னென்ன இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லலாமா?

சொன்னால் நாக்குக்கு ஒரு பிடி கிடைக்கும். கிளாஸைச் சாய்த்து வெள்ளைத் துணிமேல் பிடித்தாலே பினோ நுவார் திராட்சையின் சிவப்பு ஒயின் வெளிறித் தெரியும், கபெர்னே திராட்சையின் ஒயின் அடர்ந்து கறுக்கும். 1976இல் பாரிஸில் பெயரை மறைத்து நடந்த ஒயின் ருசிப்புப் போட்டியிலும் கலிஃபோர்னியா, பிரான்ஸ் இரண்டின் ஒயின்களும் இருப்பது நடுவர்களுக்குத் தெரியும். எந்தக் கிளாஸில் எது என்பதுதான் தெரியாது. சிவப்பு ஒயினில் கலிஃபோர்னியாவின் 1973 ஸ்டாக்ஸ் லீப் ஒயின் முதலிடம் பிடித்தது.

சொல்லாவிட்டால் திணறல்தான். ஆனால் ஒருவர் மிளகு வாசம் என்பார், இன்னொருவர் மழைபெய்த மண் என்பார். பேச்சு நள்ளிரவு வரை ஓடும். பழைய நண்பர்கள் என்றால் நான் சொல்லவே மாட்டேன்.