இ-டைப்பா, 911-ஆ?

காகிதத்தில் பார்த்தால் போட்டியே இல்லை. 1961-இல் வந்த ஜாகுவார் இ-டைப்பில் 3.8 லிட்டர் எஞ்சின், 265 குதிரைத்திறன். 1964-இல் வந்த போர்ஷே 911-க்கு 2 லிட்டர், வெறும் 130. ஆனால் முன்னதுக்கு மணிக்கு 240 கிலோமீட்டர் என்று விளம்பரம் செய்தார்கள், பின்னது 210 போகும், அதாவது பாதி சக்தியை வைத்துக்கொண்டு 30 கிலோமீட்டர்தான் பின்தங்குகிறது, இதுதான் எனக்குப் பிடித்த கணக்கு. 911-இன் எடை சுமார் 1,080 கிலோ, சின்ன உடம்பு, ஐந்து கியர், வேறென்ன வேண்டும்?

அழகு என்று வந்தால் ஜாகுவார்தான், சந்தேகமே வேண்டாம். அந்த நீண்ட மூக்கு முழுசுமே பானட், முன்பக்கமாகச் சாய்த்துத் திறந்தால் வரிசையாக ஆறு சிலிண்டரும் மூன்று கார்பரேட்டரும் கண்ணைப் பறிக்கும். நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், அந்தக் காலத்தில்! கியர்பாக்ஸ்தான் தலைவலி. முதல் கியருக்கு சிங்க்ரோ, அதாவது கியர்களின் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் அமைப்பு, கிடையாது, வண்டி உருளும்போது அவசரப்பட்டுத் தள்ளினால் கரகரவென்று பல்லைக் கடிக்கும், 4.2 லிட்டர் மாடல் வந்தபோதுதான் அதைச் சரிசெய்தார்கள்.

அந்தக் கால 911-க்கு ரேடியேட்டரே இல்லை, காற்றிலேயே குளிரும். சரி, குறையே இல்லையா? எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குவதால், வளைவில் பயந்துபோய் ஆக்சிலரேட்டரை விட்டால் வால் சுழன்றுவிடும். 1969 மாடலில் வீல்பேஸை, அதாவது முன் பின் அச்சுகளுக்கு நடுவிலுள்ள தூரத்தை, நீட்டிய பிறகுதான் அந்தக் குறும்பு கொஞ்சம் அடங்கியது.