கூட்டு மினி காமிக்ஸ்: ஒற்றைத் தாளா, தடித்த தொகுப்பா?

நண்பர்கள் சேர்ந்து மினி காமிக்ஸ், அதாவது தாங்களே வரைந்து ஜெராக்ஸ் எடுத்து மடிக்கும் சின்னப் படக்கதைப் புத்தகம், போடலாம் என்று உட்கார்ந்தால் முதல் அரை மணி நேரத்திலேயே பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடும். ஆளுக்கொரு கதை வரைந்து தொகுப்பாகக் கட்டுவதா, ஒரே கதையைக் கைமாற்றிக் கைமாற்றி வரைவதா? நாங்கள் இரண்டையும் செய்து பார்த்தோம். முதலில் ஏழு பேராக 40 பக்கத் தொகுப்பு. அப்புறம் நான்கு பேராக ஒரே ஏ4 தாளில் எட்டுப் பக்கம். இப்போது நான் ஒற்றைத் தாள் பக்கம்தான் நிற்கிறேன்.

தொகுப்புக்கு உரிய பெருமையை மறுக்கவில்லை. கதைக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும், அவரவர் பாணி கலையாமல் இருக்கும், பின்னாளில் தன் கதையை மட்டும் எடுத்துத் தனிப் புத்தகமாகவும் போட்டுக்கொள்ளலாம். செலவு கூடும் என்பது சொல்லாமலே தெரியும்.

கைமாற்றி வரைவது புதிதல்ல. 1925 வாக்கில் பாரிஸின் சர்ரியலிஸ்டுகள், அதாவது கனவையும் ஆழ்மனதையும் கலையாக்க முயன்றவர்கள், தாளை மடித்து மறைத்து, ஒருவர் வரைந்ததைப் பார்க்காமலே அடுத்தவர் தொடரும் விளையாட்டை ஆடினார்கள். அமெரிக்காவில் 1968இல் தொடங்கிய ‘ஜாப்’ காமிக்ஸின் ஓவியர்கள் ஒரே பக்கத்தில் பலராகச் சேர்ந்து வரைந்தார்கள். இசைக்காரர்கள் முன்திட்டமில்லாமல் சேர்ந்து வாசிப்பதைச் சொல்லும் ‘ஜாம்’ என்ற பெயர் இதற்கு நிலைத்துவிட்டது. எங்கள் முறையில் ஆளுக்கு இரண்டு பக்கம். முந்தையவரின் கடைசிக் கட்டம் மட்டும்தான் கண்ணில் படும். என் கதாபாத்திரம் கதவைத் திறப்பதோடு நான் நிறுத்தினேன். அடுத்தவர் அந்தக் கதவுக்குப் பின்னால் கடலை வைத்திருந்தார். தனியாக வரைந்திருந்தால் அந்தக் கடல் எனக்கு வந்தே இருக்காது.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது கதையல்ல, மறுபதிப்பு. மினி காமிக்ஸ் முதல் ஐம்பது பிரதியோடு முடிவதில்லை. ஆறு மாதம் கழித்து யாரோ ஒருவர் கேட்பார், ஒரு சந்திப்புக்குப் பத்துப் பிரதி வேண்டியிருக்கும்.

40 பக்கத் தொகுப்பு என்றால், ஏ4இல் பாதியான ஏ5 அளவில், பத்து ஏ4 தாள்கள். நடுவில் மடிக்கும் புத்தகத்தில் பக்கங்கள் வரிசையாக அமைவதில்லை. 17, 18, 23, 24 நான்கும் ஒரே தாளில் இருக்கும். எங்கள் ஓவியர் ஒருவர் 17ஆம் பக்கத்தில் ஒரு வசனத்தைத் திருத்தக் கேட்டபோது, 23, 24ஆம் பக்கங்களை வரைந்தவரின் கோப்புகளையும் தேட வேண்டியிருந்தது. இன்னொருவர் கடைசி நேரத்தில் ஆறு பக்கக் கதையோடு விலகினார். பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருந்தாக வேண்டும் என்பதால் மொத்த வரிசையையும் குலைத்து அடுக்கினோம். பத்துத் தாளை அடுக்கி மடித்தால் உள்பக்கங்கள் ஓரத்தில் துருத்தும், அதை வெட்டிச் சீராக்க வேண்டும். பின் அடிக்க நடுமடிப்பு வரை எட்டும் நீள ஸ்டேப்ளரும் வேண்டும். இவ்வளவையும் பத்துப் பிரதிக்காக யாரும் செய்யமாட்டார்கள். மொத்தமாக அடித்து வைத்தால் பெட்டி பெட்டியாகத் தேங்குகிறது, அடிக்காமல் விட்டால் புத்தகமே இல்லாமல் போகிறது.

ஒற்றைத் தாளில் ஒரு பக்கம் மட்டும்தான் அச்சு. எட்டுக் கட்டமாக மடித்து விரித்து, நடுக்கோட்டில் இடைப்பட்ட இரண்டு கட்டங்களின் நீளத்துக்கு மட்டும் ஒரு வெட்டு. பிறகு மடித்தால் ஸ்டேப்ளர் பின் இல்லாமலே புத்தகம் நிற்கும். ஒரு வரிசை தலைகீழாக அமைய வேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. மூலப்பிரதி நான்கு பேரிடமும் ஆளுக்கொன்று இருக்கிறது. யாருக்கு வேண்டுமோ அவர் ஜெராக்ஸ் எடுத்து மடித்துக்கொள்கிறார், மூன்று பிரதி போதுமென்றால் மூன்றுதான். காலியான பின்பக்கத்தில் நால்வரும் சேர்ந்து வரைந்த ஒரு பெரிய படம் போட்டோம். பிரித்தால் போஸ்டர்.

குறை இல்லாமல் இல்லை. பக்கம் ஏ7 அளவுதான், 74க்கு 105 மில்லிமீட்டர். ஏ5இல் வரைந்து பாதியாகச் சுருக்கும்போது மெல்லிய கோடுகள் ஜெராக்ஸில் உடைந்துபோகும், நுணுக்கமான நிழல் கறுப்புத் திட்டாகிவிடும். வசன எழுத்தை நினைப்பதைவிட இரு மடங்கு பெரிதாக எழுதுங்கள்.

பொதுவில் பிறந்த கதாபாத்திரம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் இருக்கிறது. எங்களுக்குள் சண்டை வரவில்லை, ஆனால் மூன்று இதழ்தான் போட்டிருக்கிறோம். அந்த அனுபவத்தை வைத்து வராது என்று சொல்லமாட்டேன். யார் வேண்டுமானாலும் எங்கள் கதவுக்காரனைத் தன் கதையில் வரையலாம், மற்ற மூவர் பெயரையும் போட வேண்டும் என்று முதல் கோடு இழுக்கும் முன்பே எழுதி வைத்தோம். நான்காவது இதழின் முதல் இரண்டு பக்கம் இப்போது என் மேஜையில் காய்ந்துகொண்டிருக்கிறது. கடைசிக் கட்டத்தில் அவன் ஒரு கிணற்றை எட்டிப் பார்க்கிறான்.