நம்புவா, வெப்ளியா? சிங்கப்பூரில் தொடங்குகிறவருக்கு

போர்க்காலப் பொருள் சேர்க்கும் ஆசை வந்தவுடன் கண் போவது இந்த இரண்டின் மீதுதான்: பிரிட்டிஷ் வெப்ளி ரிவால்வர், ஜப்பானிய நம்பு கைத்துப்பாக்கி.

1915இல் வந்த ஆறாம் வகை வெப்ளி முரட்டுப் பிறவி. ஆறு தோட்டா. குழலை முன்பக்கம் மடக்கினால் காலித் தோட்டாக்கள் தாமே வெளியே வந்துவிடும். பதினான்காம் வகை நம்பு மெலிந்தது, எட்டுத் தோட்டா. அதன் தோல் உறையில், தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசிக்கு மாற்று ஒன்றுக்கும் இடம் வைத்திருந்தார்கள். அந்த ஊசி மீது தயாரித்தவர்களுக்கே எவ்வளவு நம்பிக்கை என்று பாருங்கள்! ஆனாலும் படித்தறிய நம்புவே சுவையானது. வலப்பக்கம் 17.2 என்று பொறித்திருந்தால், ஷோவா (ஜப்பானியப் பேரரசர் ஹிரோஹிட்டோவின் ஆட்சிக்காலம்) 17ஆம் ஆண்டு இரண்டாம் மாதம். அதாவது 1942 பிப்ரவரி, சிங்கப்பூர் வீழ்ந்த மாதம். வெப்ளியில் இந்த மாதக்கணக்கு கிடைக்காது.

ஆனால் இரண்டையும் படத்தில் பார்த்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்வதே இங்கே நல்லது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் ஐந்து முதல் பத்து ஆண்டு சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. "பழசு, சுடாது" என்று வெளிநாட்டு விற்பனையாளர் சொல்வது நமக்கு உதவாது. நகல் என்றாலும் காவல்துறை உரிமப் பிரிவிடம் கேட்டு, எழுத்தில் பதில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள்.

மிஞ்சுவது உறையும் பதக்கமும். நம்புவின் பழைய உறை சிப்பி போல் உப்பிய கெட்டித் தோல், பார்க்க அழகு. நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் உலர்பெட்டியின் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

என் வாக்கு பதக்கத்துக்கே. 1939–45 போர்ப் பதக்கத்தை பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமல் கொடுத்தார்கள். இந்தியப் படையினருக்கோ விளிம்பில் எண், பெயர், பிரிவு எல்லாம் பொறித்தார்கள். அங்கே ஒரு முத்துசாமியின் பெயர் தென்பட்டால், அந்த மனிதரையே தேடத் தொடங்கலாம். வாங்கும்போது விளிம்பை உருப்பெருக்கியில் சுற்றிப் பாருங்கள். எழுத்துக்குக் கீழே உலோகம் தேய்ந்து ஒடுங்கியிருந்தால் பழைய பெயரை அராவி எடுத்திருக்கிறார்கள். விலை பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நல்லது கிடைத்தால் பாலீஷ் மட்டும் போடாதீர்கள்.