கொடைக்கானல் கிராவல் டூர்: அட்வான்ஸ் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

விளம்பரத்தில் சொன்னது: மேல் பழனி மலையில் இரண்டு நாள், 130 கி.மீ., அதில் 70 சதவீதம் மண் பாதை, பேரிஜம் ஏரிக்குப் போகும் காட்டு வழி, கிராவல் சைக்கிள் (மண், ஜல்லிப் பாதைக்கான அகல டயர் சைக்கிள்), துணைக்கு வேன், மெக்கானிக். ஆளுக்கு 14,500 ரூபாய். பாதியை ஒரு தனிநபரின் யுபிஐ எண்ணுக்கு முன்பணமாக அனுப்ப வேண்டும்.

கிடைத்தது: 32 மி.மீ. டயர் போட்ட ஹைபிரிட் சைக்கிள். முதல் நாள் வனத்துறை கேட்டோடு சரி, திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் நாள் மன்னவனூர் வரை தார் ரோட்டில் போய் அதே தார் ரோட்டில் திரும்பியாயிற்று. மெக்கானிக் என்று வந்தவர் வேன் டிரைவர். பணத்தைத் திருப்பிக் கேட்டால், "ஃபாரஸ்ட்காரங்க விடலைன்னா நாங்க என்ன சார் பண்றது" என்று பதில். பெயர் இங்கே வேண்டாம். நாளைக்கு வேறு பெயரில் இதே பாதையை விற்பார்கள். எந்தெந்த இடத்தில் ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்தால் போதும்.

முதலில் பாதை. கொடைக்கானலிலிருந்து பூம்பாறை சுமார் 18 கி.மீ., மன்னவனூர் சுமார் 35 கி.மீ. அதற்கு அப்பால் கவுஞ்சி வரைக்கும் பஸ் ஓடும் தார் ரோடுதான். மண் பாதை என்பது பூம்பாறையைச் சுற்றிப் பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு வயல்களுக்கு இறங்கும் வண்டித் தடங்களும், கீழே தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டங்களுக்குள் போகும் தடங்களும்தான். எல்லாம் துண்டு துண்டாக இருக்கும். தோட்டத்துப் பாதை தனியார் நிலம். உரிமையாளரிடம் சொல்லாமல் நுழைய முடியாது. மீதி மண் பாதைகள் பெரும்பாலும் காட்டுக்குள் போகிறவை. 2013-லிருந்து அந்தக் காடு கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம். அதற்குள் போக 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி அனுமதி வேண்டும். ஆகவே இந்த மலையில் இரண்டு நாளில் 90 கி.மீ. மண் பாதை என்று யாராவது சொன்னால், ஒன்று உங்களைத் தாரில் ஓட்டப் போகிறார், இல்லையென்றால் பூட்டிய காட்டுக்குள் கொண்டுபோய் விடப் போகிறார்.

பேரிஜம் விஷயத்தில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். ஏரிக்குப் போக வனத்துறை அனுமதிச் சீட்டு உண்டு, ஆனால் நாளொன்றுக்கு இத்தனை வண்டி என்று அளவு வைத்திருக்கிறார்கள். யானை நடமாட்டம் தெரிந்தால் முன்னறிவிப்பு இல்லாமலே கேட்டை மூடிவிடுவார்கள். பேரிஜத்தைத் தாண்டி டாப் ஸ்டேஷன், மூணாறு போகும் பழைய ரோடு முப்பது வருடத்துக்கு மேலாகப் பொதுப் போக்குவரத்துக்கு மூடிக் கிடக்கிறது. கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் அது பாம்பாடும் சோலை தேசியப் பூங்காவுக்குள் போகிறது. பழைய வரைபடங்களிலும் சில வழிகாட்டி ஆப்களிலும் இன்னும் அது திறந்த சாலையாகவே தெரியும். விற்பனைக்கு அது போதுமே. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு, அனுமதியில்லாமல் காட்டுக்குள் ஆள் கூட்டிப்போவதை வனத்துறை லேசாக எடுத்துக்கொள்வதில்லை. பிடிபட்டால் வழக்கு, சைக்கிளில் உட்கார்ந்திருக்கும் உங்கள் பேரிலும்தான் வரும். எனவே பணம் அனுப்பும் முன் ஒரே கேள்வி: தேதி, ஆள் எண்ணிக்கை, பாதையின் பெயர் போட்ட அனுமதிக் கடிதத்தின் நகல் எங்கே? "கேட்டில் பார்த்துக்கலாம்" என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

அடுத்தது ஜிபிஎக்ஸ் கோப்பு, அதாவது பாதையை ஜிபிஎஸ் புள்ளிகளாகச் சேமித்த கோப்பு. "நாங்களே ஓட்டிப் பதிவு செய்தது" என்று அனுப்புவார்கள். அதை நோட்பேடில் திறந்து பாருங்கள். ஓட்டிப் பதிவானதென்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரத்தோடு நேரமும் இருக்கும். கணினியில் உட்கார்ந்து வரைந்ததில் நேரம் இருக்காது. ஏற்றுமதி செய்யும்போது நேரம் அழிந்துவிட்டது என்று சொன்னால் (அப்படி நடப்பதும் உண்டு), மூலப் பதிவையே கேளுங்கள். நேரம் இருந்தாலும் வேகத்தைப் பாருங்கள்: பத்து சதவீத ஏற்றத்தில் மணிக்கு 25 கி.மீ. காட்டினால் அது மோட்டார் பைக்கிலோ ஜீப்பிலோ போய்ப் பதிந்தது. ஜீப் ஏறும் தடத்தில் உருட்டுக்கல் எவ்வளவு பெரிது என்று அந்தக் கோடு சொல்லாது. எங்களுக்கு வந்த கோப்பில் நேரமே இல்லை. அந்தக் கோடு ஓர் இடத்தில் ஓடைக்கு நடுவில் போனது.

சைக்கிளுக்கு வருவோம். "கிராவல் பைக்" என்றால் வளைந்த ஹேண்டில் என்று நினைத்துக்கொண்டு வாடகைக்குக் கொடுக்கிறார்கள். இந்த மலையில் முக்கியம் கியர். கொடுத்த வண்டியில் செயின் ஓடும் பல்சக்கரத்தில் முன்னால் 46 பல், பின்னால் பெரிய வட்டம் 28 பல். சக்கரச் சுற்றளவு 2.2 மீட்டர் என்று வைத்தால் பெடல் ஒரு முழுச் சுற்றுக்கு வண்டி 3.6 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தாலே மணிக்கு 13 கி.மீ. ஆள், சைக்கிள் சேர்த்து 85 கிலோ என்றால், பத்து சதவீத ஏற்றத்தில் அதற்கு 300 வாட்டுக்கு மேல் வேண்டும். பந்தய வீரருக்கான கணக்கு இது. அதே ஏற்றத்தை முன்னால் 40, பின்னால் 42 பல் கியரில் அதே 60 சுற்றில் ஏறினால் மணிக்கு 7.5 கி.மீ. வேகம், சுமார் 175 வாட். பழகியவர்கள் தாங்குவார்கள். எனவே முன்பதிவுக்கு முன்பே முன்பல், பின்பல் எண்ணிக்கையைக் கேளுங்கள். பின்பல் முன்பல்லுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும்.

டயர் குறைந்தது 40 மி.மீ. 70 கிலோ ஆளுக்குக் காற்று 30 முதல் 40 பிஎஸ்ஐ, பின்னால் கொஞ்சம் அதிகம். எங்களுக்கு 80 அடித்துக் கொடுத்தார்கள். ஜல்லியில் டயர் பிடிக்காமல் துள்ளியது. பயந்து காற்றைக் குறைத்தால் 32 மி.மீ. டயரில் ட்யூப் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். ட்யூப்லெஸ் என்று சொன்னால் சீலன்ட் (ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் திரவம்) எப்போது ஊற்றியது என்று கேளுங்கள். சில மாதங்களில் அது காய்ந்துவிடும். டயரைக் குலுக்கினால் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்க வேண்டும்.

பிரேக்கை மலை இறங்கும் முன் பார்க்க வேண்டும், இறங்கும்போது பார்த்துப் பயனில்லை. டிஸ்க் பேடில் தேயும் பகுதி ஒரு மி.மீ.க்குக் கீழே இருந்தால் அந்த வண்டியை எடுக்காதீர்கள். அடுக்கம் வழியாகப் பெரியகுளம் இறங்கும் குறுகிய ரோட்டையும் கிராவல் என்று விற்கிறார்கள். அது செங்குத்தான இறக்கம், மழைக்குப் பிறகு மண் சரியும் இடம். கேபிளில் இழுக்கும் டிஸ்க் என்றால் லீவர் ஹேண்டிலைத் தொடுகிறதா என்று அழுத்திப் பாருங்கள்; தொட்டால் அந்த வண்டியும் வேண்டாம்.

டெரெய்லர் ஹேங்கர் (கியர் மாற்றும் டெரெய்லரை ஃப்ரேமோடு பிடித்திருக்கும் சின்ன உலோகத் துண்டு) ஒன்று உபரியாக இருக்கிறதா? ஃப்ரேமுக்கு ஃப்ரேம் அது மாறும், கொடைக்கானலில் கடையில் கிடைக்காது. வண்டி ஒரு முறை சாய்ந்து விழுந்து அது வளைந்தால், பெரிய பல்லுக்குப் போகும்போது டெரெய்லர் ஸ்போக்கில் மாட்டி உடையும்.

வேனுக்கு இ-பாஸ் அவர்கள் எடுக்க வேண்டும்; 2024 மே 7-லிருந்து அது இல்லாமல் கொடைக்கானலுக்கு வெளியூர் வண்டி ஏறாது. சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு அங்கே தடை இருப்பதால், வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பாமல் கேன் தண்ணீர் வேனில் வருமா என்று உறுதி செய்யுங்கள்.

பணம் ஏற்கெனவே போயிருந்தால்: நுகர்வோர் உதவி எண் 1915. தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. யுபிஐ பரிமாற்ற எண், வாட்ஸ்அப் உரையாடல், சைக்கிளின் படம் எல்லாம் சேர்த்து வையுங்கள். விளம்பரத்தை மட்டும் முன்பணம் அனுப்புவதற்கு முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். எங்கள் புகார் போன மறுவாரம் அந்தப் பக்கத்தில் "70 சதவீதம்" என்ற வரியைக் காணோம்.