பிஎம்பியா, ஸ்க்ரம் மாஸ்டரா? புதுப்பிக்கும்போதுதான் தெரியும்

டெவலப்பராக இருந்து ப்ராஜெக்ட் மேனேஜர் ஆனவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: பிஎம்பி எழுதவா, சிஎஸ்எம் எடுக்கவா? பிஎம்பி என்பது ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்கான சான்றிதழ். சிஎஸ்எம் என்பது ஸ்க்ரம் மாஸ்டருக்கான சான்றிதழ், அதாவது வேலையைச் சிறு சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் ஸ்க்ரம் முறையில் டீமுக்கு வழிகாட்டுபவருக்கு. நான் முதலில் சிஎஸ்எம் எடுத்தேன், நான்கு வருடம் கழித்து பிஎம்பி எழுதினேன். இன்று உயிரோடு இருப்பது பிஎம்பி மட்டும். என் சாய்வு எந்தப் பக்கம் என்று புரிந்திருக்கும்.

வாங்குவதற்கு எது சுலபம் என்பதில் விவாதமே இல்லை. சிஎஸ்எம்முக்கு இரண்டு நாள் வகுப்பு, பிறகு 50 கேள்வி, 37 சரியாக இருந்தால் போதும். பிஎம்பிக்கு நான்கு வருடப் பட்டம் இருந்தாலும் 36 மாதம் ப்ராஜெக்ட் நடத்திய அனுபவம் காட்ட வேண்டும். 35 மணி நேரப் பயிற்சி, அதன்மேல் 180 கேள்வி. விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தபோது, இரண்டு ப்ராஜெக்ட்டில் நான் வெறும் மீட்டிங் நடத்துபவனாகத்தான் இருந்திருக்கிறேன் என்று உறைத்தது. அவற்றை எடுத்துவிட்டேன்.

தேர்வைப் பற்றிப் பேசும் அளவுக்கு, அதற்குப் பிறகு வருவதை யாரும் பேசுவதில்லை. பிஎம்பியை வைத்திருக்க 3 வருடத்தில் 60 பிடியு (தொழில் வளர்ச்சிப் புள்ளி) சேர்க்க வேண்டும். ஒரு பிடியு என்றால் ஒரு மணி நேரம். குறைந்தது 35 படிப்பில் வர வேண்டும். மீதியை ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது போன்றவற்றில் ஈட்டலாம். அன்றாட வேலைக்கு மட்டும் 8-க்கு மேல் கிடையாது.

முதல் சுற்றில் நான் கணக்கே பார்க்கவில்லை. மூன்றாவது வருடத்தில் எக்செல்லைத் திறந்தால் மொத்தமே 14. சமைத்துக்கொண்டே வெபினார் கேட்ட மாலைகள் அவை, பாதி காதில் ஏறவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் வேறு: படிப்பு மணிகள் மூன்று பிரிவில் ஒவ்வொன்றிலும் குறைந்தது 8 இருக்க வேண்டும், எனக்கு வணிகப் பிரிவில் வெறும் 2. செயல்முறை, டூல் என்று பிடித்ததையே படித்திருக்கிறேன். வேறு வழியில்லாமல் பட்ஜெட், பிசினஸ் கேஸ் பக்கம் போனேன். அடுத்த ஸ்டியரிங் கமிட்டி கூட்டத்தில் ஸ்பான்சர் (ப்ராஜெக்ட்டுக்குப் பணம் ஒதுக்கும் மேலதிகாரி), "இதை இப்போதே நிறுத்தினால் நமக்கு எவ்வளவு நஷ்டம்?" என்று கேட்டபோது, முதல்முறையாக ஃபைனான்ஸ் ஆளைத் திரும்பிப் பார்க்காமல் நானே பதில் சொன்னேன். நான் பிஎம்பி பக்கம் நிற்பது இதனால்தான். சான்றிதழின் மதிப்பைவிட, புதுப்பிக்கப் படி என்ற அந்த நச்சரிப்புதான் எனக்குப் பயன்பட்டது.

சிஎஸ்எம்மைப் புதுப்பிக்க 2 வருடத்துக்கு 20 எஸ்இயு (பிடியு போன்ற ஸ்க்ரம் படிப்புப் புள்ளி), கூடவே கட்டணம். பாரம் குறைவுதான், ஆனால் எங்கள் டீமில் யாரும் கேட்கவில்லை, விட்டுவிட்டேன். Scrum.org தரும் இன்னொரு ஸ்க்ரம் மாஸ்டர் சான்றிதழான பிஎஸ்எம்-1க்கு வகுப்பும் கட்டாயமில்லை, காலாவதியும் கிடையாது. 60 நிமிடத்தில் 80 கேள்வி, 85 சதவீதம் எடுக்க வேண்டும். வசதிதான். ஆனால் 2020-இல் ஸ்க்ரமின் விதிகளைச் சொல்லும் ஸ்க்ரம் கைடு மாறி, ப்ராடக்ட் கோல் (தயாரிப்புக்கான நீண்டகால இலக்கு) உள்ளே வந்தது. அதற்கு முன் வாங்கியவரின் சான்றிதழும் இன்றுவரை செல்லும், அவர் புதியதைப் படித்தாரா என்று யாரும் கேட்பதில்லை.

ஒன்று மட்டும்: முழுநேர ஸ்க்ரம் மாஸ்டராக ப்ராடக்ட் டீமில் நான் இருந்ததில்லை. அங்கே இந்தக் கணக்கு தலைகீழாகவும் இருக்கலாம், அங்கிருப்பவர்களைக் கேளுங்கள்.

பிஎம்பிதான் என்று முடிவெடுத்தால், கடைசி 12 மாதத்தில் அதிகப்படியாகச் சேர்ப்பதில் 20 பிடியு வரை அடுத்த சுற்றுக்குப் போகும், வீணாகாது. கெடு தவறினால் ஒரு வருடம் சஸ்பென்ஷன், அந்த வருடத்தில் பெயருக்குப் பின்னால் பிஎம்பி போடக் கூடாது. அதையும் விட்டால் மறுபடி அதே 180 கேள்வி.