குளம் உள்ள வீடா, குளத்துக்குப் பக்கத்தில் வீடா?

மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கு தினமும் போய்வந்து அலுத்துப்போய்த்தான் வீடு தேட ஆரம்பித்தேன். மகளுக்கு எட்டு வயது. அவளுடைய நிபந்தனை நீச்சல்குளம். என்னுடையது, எல்லாம் சேர்த்து மாதம் 20,000 ரூபாயைத் தாண்டக்கூடாது.

முதலில் பார்த்தது டெக்னோபார்க்கை ஒட்டிய கழக்கூட்டம், காரியவட்டம் பக்கத்து அடுக்குமாடிகள். 1990இல் டெக்னோபார்க் தொடங்கியபின் ஐடி ஆட்களை நம்பி எழும்பிய கட்டடங்கள்; ஜிம், குளம் எல்லாம் உண்டு. இரண்டு படுக்கையறைக்கு 19,000 கேட்டார்கள். பரவாயில்லையே என்று பார்த்தால் பராமரிப்பு 3,400 தனி. புரோக்கர் சேட்டன் போனில் "நீந்தல்குளம் உண்டு" என்று நாலு தடவை சொன்னார். அனுப்பிய படத்திலும் தண்ணீர் பளிச்சென்ற நீலம். நேரில் போனால் முழங்கால் அளவு தண்ணீர், அதில் பலா இலைகள், கம்பிக்கதவில் பூட்டு. "மோட்டார் கேடு, அடுத்த வாரம் ரெடியாகிடும்" என்றார் செக்யூரிட்டி. பூட்டு துருப்பிடித்திருந்தது.

இன்னொரு கட்டடத்தில் குளம் நன்றாகவே இருந்தது. ஆனால் வீட்டு ஓனர் பராமரிப்புப் பணம் பாக்கி வைத்தால் வாடகைக்காரருக்கும் குளம் கிடையாது என்று அங்கே விதி. நாம் ஒழுங்காக வாடகை கொடுத்தும் பிள்ளை கரையில் நிற்கவேண்டும்! 11 மாத ஒப்பந்தம் போடும்போதே குளத்தைப் பற்றி ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள். அப்புறம் மழை. திருவனந்தபுரத்துக்கு ஜூனில் ஒரு பருவமழை, ஐப்பசியில் இன்னொன்று. திறந்தவெளிக் குளத்தில் இடி மின்னல் நாளில் இறங்க முடியாது. பராமரிப்புப் பணம் மட்டும் பன்னிரண்டு மாதமும் போகும்.

தண்ணீரையும் கவனிக்கவேண்டும். 2024, 2025இல் கேரளத்தில், அசுத்தத் தண்ணீரிலிருந்து மூக்கு வழியாகத் தொற்றும் அமீபா மூளைக்காய்ச்சல் பரவலாகப் பேசப்பட்டதால், குளம் இருக்கிறதா என்பதோடு குளோரின் அளந்து எழுதும் நோட்டு இருக்கிறதா என்றும் கேட்டேன். குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு பிபிஎம்), அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7.2 முதல் 7.8 வரை இருப்பது நல்லது. ஒரே இடத்தில்தான் நோட்டைக் காட்டினார்கள்.

அடுத்த வழி, கரமனை, வலியசாலை பக்கம் பழைய பிளாட். தெருவில் தமிழ் காதில் விழும், 'சாலை' என்கிற பஜாரும் பக்கம். வாடகை 13,000, அசோசியேஷனுக்கு 1,000. குளம் இல்லை, லிப்ட் கிழடு, பார்க்கிங் தலைவலி. ஆனால் வெள்ளயம்பலத்தில் ஜிம்மி ஜார்ஜ் ஸ்டேடியத்தின் குளம் இருக்கிறது. அந்தக் கழக்கூட்டம் அடுக்குமாடிக்கும் இந்தப் பிளாட்டுக்கும் மாதம் 8,400 வித்தியாசம். நீச்சல் கட்டணம் அதன் பக்கத்தில்கூட வராது. பள்ளிப் பரீட்சை மாதத்தில் போகாவிட்டால் அந்தக் கட்டணமும் மிச்சம். 2015 தேசிய விளையாட்டுக்காகக் கட்டிய பிரப்பன்கோடு குளம் இன்னும் பெரிது, ஆனால் பிள்ளையை அன்றாடம் கூட்டிப்போக தூரம். கரமனையில் எனக்குத்தான் நஷ்டம்: கழக்கூட்டம் போக பைபாஸ் நெரிசலில் காத்துக்கிடக்கவேண்டும்.

மூன்றாவது, ஊரைவிட்டு அசையாமல் பக்கத்துக் குழித்துறையில் தினமும் ரயிலேறுவது. வீடு 8,000. தமிழ்நாட்டுப் பக்கம் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். நீச்சலுக்கு எங்கள் குழித்துறைத் தாமிரபரணி ஆறு (திருநெல்வேலியில் ஓடுவது வேறு). என் அம்மா அதில்தான் நீச்சல் படித்தாள். மழைக்காலச் சுழிப்பில் என் மகளை இறக்க எனக்குத் துணிச்சல் இல்லை. இதற்கு மேல் யோசிக்கவில்லை.

கரமனைக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. மகள் மிதக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள், தலையைத் தண்ணீருக்குள் விடத்தான் இன்னும் அடம். போன வாரம் அந்தப் புரோக்கர் சேட்டன் வாட்ஸ்அப்பில் "நீந்தல்குளம் ரெடி" என்று அனுப்பினார். கூடவே படம். அதே பழைய நீலம்.